நான் நேராத பொருத்தனை

அன்புள்ள மகனுக்கு,

எழுதுவதற்காக முதலில் மன்னித்துக்கொள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கதவைத் திறந்து மூடிக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் கடிதம் எழுதுவது வெட்கப்பட வேண்டிய காரியம்தான். நீ காக்கநாட்டுக்குப் போயிருக்கிறாய், அலுவலகத்தில் கடைசிக் கையெழுத்துப் போட. அப்பா சுள்ளிக்கல்லில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் நீ வந்து "அம்மே, சாயா இருக்கோ?" என்று கேட்பாய். நான் சாயா போட்டுத் தருவேன். இதில் எழுதப்போகிற எதுவும் என் வாயிலிருந்து வராது. இருபத்தொரு வருடமாக வராதது இன்று மட்டும் வந்துவிடுமா? அதனால்தான் எழுதுகிறேன். நானும் உன்னைப் போல மலையாளத்தில் படித்தவள்தான். தமிழ் எழுத்தை உன் அப்பாவின் பிரசங்கக் குறிப்புகளைப் பிரதி எடுத்து எடுத்துத்தான் பழகினேன். அதனால் இந்தக் கை தமிழில் எழுதியதெல்லாம் இதுவரை அவருடைய வார்த்தைகள். இன்றைக்குத்தான் என்னுடையதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்த பிறகு இதை ஒளித்துவைக்கவும் வேண்டாம். யார் கேட்டாலும் காட்டு. ஊழியக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்கள் யாராவது படித்தால் இன்னும் நல்லது.

போன சனிக்கிழமை நீயும் உன் அலுவலக நண்பனும் மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் மேலே ஜெப மண்டபத்தில் பாய்களை உதறிக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. இந்தக் கட்டடம் உனக்குத் தெரியுமே, பழைய சுக்குக் கிட்டங்கி, படியில் தும்மினால் மண்டபத்தில் கேட்கும். அவன் உன்னிடம் வேலையை ஏன் விடுகிறாய் என்று கேட்டான். உனக்கு இஷ்டமில்லை என்று உன் முகமே சொல்கிறதே என்றான். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு, "அம்ம நேர்ந்நு போயதல்லேடா. இனி எந்து செய்யான்?" என்றாய். அம்மா நேர்ந்துவிட்டாள், இனி என்ன செய்வது. அவ்வளவுதான் சொன்னாய். பிறகு பேச்சு பஸ் நேரத்துக்குப் போய்விட்டது. நான் உதறிய பாயையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தேன்.

அதற்கு மறுநாள் உன் அடையாள அட்டையின் கழுத்துப் பட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து அடுக்களைக் கயிற்றில் காயப்போட்டிருந்தாய். திருப்பிக் கொடுக்கப்போகிற சாமானை யாராவது துவைப்பார்களா என்று கேட்டேன். "அழுக்கோட கொடுக்கண்டா அம்மே" என்றாய், அழுக்கோடு கொடுக்க வேண்டாமாம். அது காயும்வரை நீ அந்தப் பக்கம் மூன்று தடவை வந்தாய். தண்ணீர் குடிக்க என்று வந்தாய். தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாய். பேசுகிற வேலை கிடைக்காதவர்களுக்குப் பார்க்கிற வேலை தானாக வந்துவிடும், மகனே. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வருகிற ஞாயிறு உனக்கு வழியனுப்பு ஆராதனை. திங்கட்கிழமை வேதாகமக் கல்லூரிக்கு ரயில். சபையில் எல்லோரும் இருபது வருடமாகக் காத்திருந்த நாள் என்கிறார்கள். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

என் அப்பா, உன் தாத்தா, நகரசபையில் தெருக் கூட்டுகிறவராக இருந்தார் என்பது உனக்குத் தெரியும். எங்கள் வரிசையில் எல்லா வீட்டு ஆண்களுக்கும் அதே வேலை. அந்த வரிசையிலிருந்து படகு ஏறி எறணாகுளத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். படகில் ஓரமாக நிற்பேன், யாரும் என்ன படிக்கிறாய் என்று கேட்டுவிடக் கூடாதே என்று. வகுப்பில் பேராசிரியர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தாலும் எழுந்து நிற்கமாட்டேன். பட்டம் வாங்கியதும் பஜார் ரோட்டில் ஒரு மசாலா ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மிளகு, ஏலக்காய், ஜாதிக்காய் எல்லாம் சின்னப் பொட்டலங்களாக வெளிநாட்டுக்கு மாதிரி போகும். அதன்மேல் ஒட்டுகிற சீட்டில் எழுதுவது என் வேலை. பேச வேண்டிய அவசியமே இல்லாத வேலை. என் கையெழுத்து கப்பலேறிப் போகிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒரு நாற்காலி, ஒரு மேசை, தலைக்கு மேலே ஒரு மின்விசிறி. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் உட்காரவில்லை.

கல்லூரியில் கூடப் படித்த ஒருத்தி மூலமாகத்தான் ஜெபக் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே என்னை யாரும் எந்த வீட்டுப் பெண் என்று கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல், ஒருவரிடம் பேசலாம் என்று சொன்னார்கள். எனக்கென்றே யாரோ செய்துவைத்த காரியம் போல இருந்தது. உன் அப்பா அப்போதுதான் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே தமிழ்ச் சபை ஆரம்பித்திருந்தார். கல்யாணம் பேசியபோது என் அப்பா வீட்டு வாசலில் நின்று கேட்டார்: "போட்டு ஏறிப் போய் படிச்சது இதுக்காடி மோளே? உனக்குன்னு ஒரு ஓபீசு, ஒரு நாற்காலி. அதை விட்டுட்டுப் பாட்டுப் பாடுற ஆளு பின்னாடி போறேன்றே." நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலேயே போனேன். அதைத் தைரியம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை என்பதுதான் ஞாபகம் வருகிறது.

விசுவாச ஊழியம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, அதற்குள்ளேயே பிறந்தாய். சம்பளம் கிடையாது, தேவன் அனுப்புவார். ஊழியக்காரன் மனைவி வேலைக்குப் போனால் விசுவாசம் இல்லை என்று அர்த்தம். ஆகவே வேலையை விட்டேன். ஞானஸ்நானத்தில் நகை கழற்ற வேண்டும். என் அம்மா போட்ட கம்மலைக் கழற்றினேன். வருடங்களில் காதுத் துளை தூர்ந்துபோயிற்று. வெள்ளைச் சேலைதான் கட்ட வேண்டும், கட்டினேன். தேவன் அனுப்பினார், அது உண்மை. அரிசி வந்தது, மீன் வந்தது, தேங்காய் வந்தது. ஆனால் அனுப்பிவைத்தவர்களும் கூடவே வந்தார்கள். வந்து, நாம் எப்படிச் சாப்பிடுகிறோம் என்று பார்த்தார்கள். ஞானம்மா அக்காவை உனக்கு நன்றாக ஞாபகமிருக்கும், தேனிப் பக்கமிருந்து வந்து ஹோட்டல் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள். ஞாயிற்றுக்கிழமை அன்பின் விருந்தில் நான் பரிமாறும்போது எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வாள்: "பாஸ்டரம்மா, குழம்புல தேங்கா ஜாஸ்தியா தெரியுதே. ஜெபம் கேட்கப்பட்டிருக்கு போல." எல்லோரும் சிரிப்பார்கள். நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டுக் கதவைத் தாழ்போட்டால் "என்ன, பாஸ்டர் வீட்ல பூட்டெல்லாம் வந்துடுச்சு?" என்பாள். இந்த வீட்டுக்குத் தாழ்ப்பாள் என்று ஒன்று உண்டு, அது இதுவரை தேய்ந்ததே இல்லை.

உன் அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஒரு விஷயத்தில் மட்டும் குறை சொல்கிறேன், அதுவும் அன்பாகச் செய்ததுதான். சாட்சி சொல்கிற நேரத்தில் எல்லாப் பெண்களும் எழுந்து பேசுவார்கள். என் முறை வரும்போது நான் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விடுவேன். முதல் மாதத்திலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். "நீ பயப்படாதட்டி. உனக்காவ நான் பேசுதேன்" என்றார். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அன்றிலிருந்து என் சாட்சியை அவர்தான் சொன்னார். என் மனைவி இந்த வாரம் இப்படி ஜெபித்தாள், என் மனைவிக்குத் தேவன் இதை உணர்த்தினார் என்று. பாதி உண்மையாக இருக்கும். மீதியைக் கேட்டு, நானா இப்படி நினைத்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். நான் தலை குனிந்துகொள்வேன். அது தாழ்மை என்று சபை நினைத்தது.

உனக்கு ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னி கண்டு உன் கண் மேலே போய்விட்டது. அப்பா பள்ளுருத்தியில் கன்வென்ஷனில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் உன்னை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். எதிரே சுவரில் கை கழுவும் முறை பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடிதான் ஜெபித்தேன். என்ன ஜெபித்தேன் என்பதை இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் முழுதாகச் சொல்லியிருக்கிறேன்.

நமக்கெல்லாம் ஜெபத்தில் 'நீர்', 'உமக்கு' என்று பேசித்தான் பழக்கம். அன்று நான் 'நீ' என்றுதான் பேசினேன். "என் வேலைய எடுத்துக்கிட்டே. என் கம்மல எடுத்துக்கிட்டே. என் வாய எடுத்துக்கிட்டே. நான் ஒண்ணும் சொல்லல. இவன எடுக்காதே. இவன் உனக்கில்லை" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு சேச்சி எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள். நான் நிறுத்தவில்லை. இவன் உனக்கில்லை, இவன் உனக்கில்லை என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இதுதான் என் பொருத்தனை, மகனே. உன்னைத் தருகிறேன் என்று நான் நேர்ந்துகொள்ளவே இல்லை. தரமாட்டேன் என்று சண்டைதான் போட்டேன்.

சாயங்காலம் காய்ச்சல் இறங்கிற்று. அது அற்புதம் என்று நான் சொல்லவில்லை. மருந்து வேலை செய்தது என்று சொல்லி முடித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றைக்குத் தேவன் என்னைத் திட்டவிட்டார். திட்டியவளின் பிள்ளையை எடுத்துக்கொள்ளவில்லை. நான் இன்றைக்குவரை விசுவாசிக்கிற தேவன் அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர்தான். அந்தச் சேச்சியைப் போல எழுந்து தள்ளிப்போகாதவர்.

அப்பா மூச்சிரைக்க வந்தார். உன்னைத் தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். பிறகு என்னிடம், "என்ன ஜெபிச்சே?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? தலை குனிந்தேன். என் தலை குனிவுக்கு அவரிடம் எப்போதும் ஒரு அர்த்தம் தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு மேடையில் நின்றார். வேதத்தில் ஒரு தாய் தன் பிள்ளையைத் தேவனுக்கென்று நேர்ந்துகொண்டதைச் சொன்னார். "அதே மாதிரி என் மனைவி, ஆஸ்பத்திரி வராந்தாவிலே, தனியாளா, இந்தப் பிள்ளையை ஊழியத்துக்குப் பொருத்தனை பண்ணினாள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு ஊழியக்காரன் மனைவி வேறு எதையும் ஜெபித்திருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. சபை முழுவதும் அல்லேலூயா என்றது. அவர் இறங்கிவந்து, கண்ணில் நீரோடு, மைக்கை என்முன் நீட்டினார். "சொல்லு" என்றார்.

அந்த இடத்தில் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல் போதும். நூறு முகங்கள் என்னைப் பார்த்தன. "ஸ்தோத்திரம்" என்றேன். மைக்கில் நான் பேசிய முதல் வார்த்தை அது. அதற்குப் பிறகு உன் ஒவ்வொரு பிறந்த நாளிலும் உன்னை முன்னால் நிறுத்தி அப்பா அந்தக் கதையைச் சொல்வார், மைக்கை நீட்டுவார், நான் அதையே சொல்வேன். வேறு எதுவும் அந்த மைக்கில் நான் பேசியதில்லை.

கூச்சத்தினால் என்று இதுவரை எழுதிவிட்டேன். அதோடு நிறுத்தினால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு எல்லாம் மாறிப்போயிற்று. ஞானம்மா அக்கா தேங்காயைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினாள். பெண்கள் நோயாளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, "நேர்ந்த அம்மா, கை வச்சு ஜெபிங்க" என்றார்கள். மண்டபத்தில் எனக்கு ஒரு இடம் கிடைத்தது. தெருக் கூட்டுகிறவர் மகள், வாய் பேசாதவள், பட்டம் வாங்கி அடுக்களையில் சாயா கலக்குகிறவள் என்று இருந்தவளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது, மகனே. கசப்பாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். மிகவும் பிடித்திருந்தது.

அதைவிடக் கேவலமான ஒன்று இருக்கிறது. அந்தப் பொய்யை நானே எடுத்து உன்மேல் பிரயோகித்தேன். உனக்கு ஒன்பது வயதில் பையன்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்து விளையாடப் போவார்கள். நீ ஒரு வாரமாகக் கெஞ்சினாய். "ஒரே ஒரு ஞாயிறு அம்மே, கோல் நிக்க ஆள் இல்லை" என்றாய். அப்பா வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நீ அழுதிருப்பாய், அடம்பிடித்திருப்பாய். நான் சொன்னேன், "நீ பொருத்தனைப் பிள்ளை. மத்தவங்க மாதிரி இல்லை." நீ அழவே இல்லை. போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தாய். அந்த வார்த்தைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்று பார்த்தேன். பார்த்த பிறகும் விடவில்லை. பள்ளிச் சுற்றுலாவுக்கு, சிவப்புச் சட்டைக்கு, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் நீ ஆடியதற்கு, எல்லாவற்றுக்கும் அதையே சொன்னேன். பிள்ளையைக் கட்டுப்படுத்த அடிக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். நான் உன்னை அடித்ததே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ஜெயனைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஞானம்மா அக்காவின் மகன், பள்ளுருத்தி ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறான், நீ அண்ணா என்று கூப்பிடுவாய். நம் கதையை மேடையில் சொன்ன மூன்றாம் மாதம் ஞானம்மா அக்கா எழுந்து, தன் ஒரே மகனையும் ஊழியத்துக்கு நேர்ந்துகொள்வதாகச் சபை நடுவே சொன்னாள். அப்போது அவனுக்குப் பத்து வயது இருக்கும். பதினெட்டில் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நல்ல பையன், மெக்கானிக் வேலையில் பைத்தியம், கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும். இரண்டு வருடத்தில் திரும்பி வந்துவிட்டான். வந்து மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். தனக்கு அழைப்பில்லை என்று மட்டும் சொன்னான். நம் சபையில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறதே, பின்வாங்கினவன் என்று. அதை வைத்தார்கள். இப்போதும் உன் அப்பாவைத் தெருவில் கண்டால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போகிறான்.

அவன் திரும்பி வந்த வாரம்தான் நான் உன் அப்பாவிடம் முதல் தடவையாகச் சொல்லிப் பார்த்தேன். கப்பைக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கக் குறிப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு ஆஸ்பத்திரில நான் ஒண்ணும் நேர்ந்துக்கலை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "என்னட்டி சொல்லுத? வாயால சொல்லலன்னா என்ன? உன் இருதயம் சொல்லியிருக்கும். தேவனுக்குத் தெரியும்லா" என்றார். சிரித்துவிட்டு மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். என் வாயை மட்டும்தான் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். இருதயத்துக்கும் அவரே பேசுகிறார் என்று அன்று தெரிந்துகொண்டேன். நான் மீதிக் கப்பையை உரித்தேன்.

போன மழைக்காலத்தில் ஞானம்மா அக்கா படுத்த படுக்கையானாள். வயிற்றில் கட்டி, கைமீறிப் போய்விட்டது. ஜெயன் ஆட்டோ ஓட்டப் போகிற காலை நேரத்தில் நான் பள்ளுருத்திக்குப் போய் அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றிவிட்டு வருவேன். நாற்பது நாளுக்கு மேல் போனேன். ஒரு நாள் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள், "நெசத்தச் சொல்லு பாஸ்டரம்மா. அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ நேர்ந்தியா?" இருபது வருடத்தில் என்னிடம் இதைக் கேள்வியாகக் கேட்ட ஒரே ஆள் அவள்தான்.

"இல்லக்கா" என்றேன். பெஞ்சில் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள், "அடிப்பாவி. நீ நேர்ந்தேன்னு கேட்டுத்தானடி நான் என் புள்ளையக் குடுத்தேன். பாஸ்டரம்மாவே குடுக்கும்போது நான் மட்டும் மடியில முடிஞ்சு வச்சுக்கிறதான்னு."

நான் குவளையைப் பிடித்தபடி நின்றேன்.

"தண்ணி ஆறுது. ஊத்து" என்றாள். ஊற்றினேன். துடைத்து, சேலையை மாற்றிப் படுக்கவைத்த பிறகு அவளுக்கே உரிய அந்தச் சிரிப்பு வந்தது. "நீ நேர்ற ஆளு இல்லைன்னு எனக்கு அப்பவே தோணியிருக்கணும். கொழம்பு ஊத்துறப்ப ஒரு கரண்டிக்கு மேல உன் கை போனதே இல்லையே" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் சிரித்தோம், அவளுக்கு வலி வரும்வரை. கதவைச் சாத்தும்போது சொன்னாள், "மன்னிச்சேன்னு என் வாயில எதிர்பார்க்காத. அது ஜெயன் சொல்ல வேண்டியது." மறுநாளும் போனேன். கதவைத் திறந்தே வைத்திருந்தாள். அடுத்த மாதம் அவளை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தில் மண்வெட்டிகள் சாத்தியிருந்த இடத்தில் ஜெயன் ஒதுங்கி நின்றான். உன் அப்பா பிரசங்கத்தில், தன் மகனையே தேவனுக்குக் கொடுத்த தாய் என்று அவளைச் சொன்னார். ஜெயன் வெளியே போய்விட்டான்.

ஊழியத்தில் இவ்வளவு கசப்பு இருந்தும் அம்மா எப்படி இதில் நின்றாள் என்று உனக்குக் கேட்கத் தோன்றலாம். மேடையிலிருந்து எனக்குப் பலம் வந்ததில்லை. விடிகாலையில் நாற்பது பேருக்குச் சாயா வைக்கும்போது தண்ணீர் கொதிக்கிறவரை நின்று ஜெபிப்பேன். என் ஜெபத்தில் பெரும்பகுதி புகார்தான். அந்தப் பெஞ்சில் ஆரம்பித்த சண்டை முடியவே இல்லை. இவ்வளவு வருடம் ஒருவரிடம் சண்டை போட வேண்டுமென்றால் அவர் இருக்கிறார் என்று நிச்சயம் வேண்டும். எனக்கு அந்த நிச்சயம் இருந்தது, இருக்கிறது. நாற்பது நாள் ஒரு நோயாளியின் அழுக்குத் துணியைத் துவைக்கக் கை கூசாமல் இருந்தது அந்த நிச்சயத்தால்தான். உண்மையைச் சொன்ன மறுநாளும் அந்த வாசலுக்குப் போகக் கால் வந்ததும் அதனால்தான். நான் விசுவாசத்தை விடவில்லை. விசுவாசம் என்ற பெயரில் எனக்குக் கொடுத்த மௌனத்தைத்தான் விட நினைக்கிறேன். அதை விடச் சொல்லி என்னிடம் கேட்கிறவரும் தேவன்தான் என்று நினைக்கிறேன்.

நீ போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இன்னொரு தடவை உன் வாழ்க்கையை நானே முடிவுசெய்தவளாவேன். உன்னைத் தேவனே கூப்பிட்டிருந்தால், அது உன் காதில் விழுந்திருந்தால், திங்கட்கிழமை உன் பெட்டியை நானே ஸ்டேஷன்வரை தூக்கிவருவேன். ஆனால் உன்னை நேர்ந்தவள் நான் என்று நினைத்துப் போனால், நீ ஏறுகிற ரயிலுக்குச் சீட்டே கிடையாது. யாரும் உன்னை நேர்ந்துகொள்ளவில்லை. தேவனுக்கு நீ கடன்படவில்லை, எனக்கும் இல்லை. விட்ட வேலையைத் திரும்பக் கேட்க முடியுமானால் கேட்டுப் பார். முடியாவிட்டாலும் வேறு வேலை கிடைக்கும். துவைத்துக் கொடுத்த பட்டையை வாங்கிக்கொண்டவர்கள் உன்னை மறந்திருக்கமாட்டார்கள். ஒருவேளை இந்த வழியிலேயே போவதாக இருந்தால், உன் வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் வைத்துக்கொள். உன்னைக் கட்டிக்கொள்கிறவள் கூச்சப்படுகிறவளாக இருந்தால், அவளுக்காக நீ பேசாதே. அவள் பேசும்வரை சபை காத்திருக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கட்டும்.

நாளைக் காலை நான் பள்ளுருத்தி ஸ்டாண்டுக்குப் போகிறேன். ஞானம்மா அக்கா போன பிறகு ஒரு தடவை ஜெயனின் ஆட்டோவில் ஏறினேன், சொல்லிவிடலாம் என்று. "தம்பி சுகமா இருக்கானாம்மா?" என்று கேட்டான். வீடு வரும்வரை அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிவிட்டேன். நாளை ஏறமாட்டேன். அவன் முன்னால் நின்று சொல்வேன். அவன் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். அது என் வேலை, அதற்கு உன் துணை வேண்டாம்.

உன் துணை எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். இதைக் கேட்கத்தான் இவ்வளவு பக்கம் எழுதினேன். ஆராதனை முடிகிற நேரம் அப்பா உன்னை முன்னால் கூப்பிடுவார். வழக்கம் போல அந்தக் கதையைச் சொல்வார். பிறகு இறங்கிவந்து மைக்கை என்னிடம் நீட்டுவார். அவர் கையிலிருந்து வாங்கினால் என் வாயில் பழைய வார்த்தைதான் வரும், என்னை எனக்குத் தெரியும். அதனால் நீ இறங்கி வா. மைக்கை அவரிடமிருந்து வாங்கி நீ என் கையில் கொடு. அவர் உன்னைப் பார்ப்பார். பார்க்கட்டும். கொடுத்துவிட்டு உன் இடத்துக்குத் திரும்பிப் போய்விடாதே, என் பக்கத்திலேயே நில். நான் ஆரம்பிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.